பசாம் மெட்டில் ஒரு யூனியன் பாட்டு

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை மறைத்துவிட்டு என்னால் எழுத முடியாது.

என் கணவர் கிறகரி இறந்து சில வருடங்களின் பின், எங்கள் கோயிலின் பங்கு மலரில் போடுவதற்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். மலர் வந்தபோது என் பக்கம் ஒரு பந்தியாகச் சுருங்கியிருந்தது. அதன் கடைசி வரி இது: ‘அன்னார் தாம் பணியாற்றிய தையல் தொழிற்சாலையில் பக்திப் பாடல்களை இயற்றிப் பாடி, சக ஊழியரை ஞான வழியில் ஊக்குவித்தார்.’

கிறகரி தன் வாழ்நாளில் ஒரேயொரு பாட்டுத்தான் கட்டினார். அது பக்திப் பாட்டு அல்ல, யூனியன் பாட்டு. அதற்குள் சோசலிசம் இருந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த சோசலிசம்.

இதைச் சரிசெய்ய மேசையில் இருந்தேன். ‘நான் அவருடைய’ என்று எழுதியதும் பேனை நின்றுவிட்டது. மறுபடியும் எழுதினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஆகவே ‘நான்’ என்ற சொல்லை ஒதுக்கி வைக்கிறேன். இனி இந்தக் கதையில் இருப்பவள் செலீன். என் பெயரும் அதுதான். ஆனாலும் ‘அவள்’ என்று எழுதினால் அவள் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறாள். அவளைப் பார்த்து எழுத முடிகிறது.

2

முதல் தொடக்கம்: ‘மொன்றியலில், அஹுன்ட்சிக்கின் ஷபனெல் வீதியில் ஆடைத் தொழிற்சாலைகள் அடுக்கடுக்காக நிறைந்த உயர்ந்த கட்டடங்கள் இருந்தன. அவற்றில் குடியேறிய பெண்கள் பெருமளவில்—’ (இது அரசாங்க அறிக்கை. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘கிறகரி ஒரு போராளி—’ (இதைக் கேட்டால் கிறகரியே சிரித்திருப்பார். சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த மனிதர் அவர்.)

மூன்றாவது, குசினியில் தொடங்குகிறது.

ஒரு மாரிகாலச் சனிக்கிழமை கிறகரி நூலகத்திலிருந்து பெரிய படப் புத்தகம் ஒன்றையும் ஒரு சீடியையும் கொண்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

“செலீன், இஞ்ச வாரும். இதைப் பாரும்.”

“உலையில அரிசி கிடக்கு.”

“அரிசி எங்கயும் ஓடாது. இவங்கள் அமெரிக்கன் ஆக்கள், தெரியுமோ? அமெரிக்கன் சோசலிஸ்டுகள்!”

“அமெரிக்காவில சோசலிஸ்டோ? பேந்தென்ன, வத்திக்கானில சைவக் கோயிலோ?”

அவர் சிரிக்கவில்லை. அவ்வளவு பரபரப்பு. பாசையூரில் இளந்தாரியாய் இருந்தபோது மலிவு விலையில் வந்த மொஸ்கோப் புத்தகங்களைப் படித்தவர். மே தினத்துக்கு யாழ்ப்பாண வீதிகளில் அமெரிக்கா ஒழிக என்று தொண்டை கட்டும்வரை கத்தியவர். அந்த மே தினமே சிகாகோ தொழிலாளர் எட்டு மணிநேர வேலை கேட்டு நின்றதிலிருந்து வந்தது என்பதை எங்கோ படித்துவிட்டுக் கவனிக்காமல் போயிருந்தார். இப்போது மொன்றியலில், சவர்க்காரத் தண்ணீர் காயாத குசினி மேசையில், படங்களோடு அது அவர் முன்னால் கிடந்தது.

“ஒழிக ஒழிக எண்டு கத்தினனாங்கள். உள்ளுக்குள்ள இப்பிடியும் சனம் இருந்திருக்கு. ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே.”

செலீன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

3

(இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் வேறு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. அவசரமானவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.)

அந்தப் புத்தகத்தில் சுவரோவியங்கள் இருந்தன. முப்பதுகளின் பெரும் வேலையில்லாக் காலத்தில் அமெரிக்க அரசே ஓவியர்களுக்குக் கூலி கொடுத்துத் தபால் கந்தோர்ச் சுவர்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் வரைய வைத்தது. அவர்களில் பலர் இடதுசாரிகள். சுரங்கத் தொழிலாளர், நெசவாளர், கோதுமை அறுப்பவர்கள் எல்லோரையும் முத்திரை வாங்க வருகிற சனத்தின் தலைக்கு மேலே நிறுத்தினார்கள். சில ஓவியங்களைப் பிறகு பூசி மறைத்ததும் நடந்திருக்கிறது.

கிறகரிக்கு ஒரு படத்தில் தனி விருப்பம். அதில் ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கைகள் மரக்கொப்புப் போலத் தடித்திருக்கும்.

“வடிவாய்த்தான் இருக்கு,” என்றாள் செலீன். “ஆனால் ஒருத்தரும் அழேல்லை.”

“அழுதால் ஆர் அதைப் பாத்து எழும்புவினம்?”

“அழுதாப் பிறகுதானே ஆக்கள் எழும்புறது.”

“நீர் எல்லாத்தையும் செத்தவீடு ஆக்கிப் போடுவீர்.”

வேலைநிறுத்தக் கதைகளும் கொண்டு வந்து படித்தார். நல்ல பகுதிகளைச் செலீனுக்குத் தமிழில் சொன்னார். அந்தக் கதைகளில் ஒரு தொழிலாளி செத்தால் அடுத்த பக்கத்தில் ஊர்வலம் வந்துவிடும். உடலைத் தோழர்கள் தூக்குவார்கள், கொடியும் கூட்டமும் போகும். செத்தவனுடைய மனைவி எந்தப் பக்கத்தில் வருகிறாள் என்று செலீன் ஒருநாள் கேட்டாள். கிறகரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கூட்டத்துக்குள்ள நிப்பா,” என்றார்.

அப்போது அது வெறும் பகிடி. இப்போது இந்தப் பக்கத்தை எழுதுகிறவளுக்கு அது பகிடி அல்ல. ஊர்வலம் போன பிறகு வீட்டுக்குத் திரும்பி வருகிறவளைப் பற்றிப் புரட்சிக் கலையில் இடம் குறைவு. புலம்பலில் அவளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிறகரி ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் அந்தப் பாட்டு.

4

சீடியில் பழைய தொழிலாளர் பாட்டுகள் இருந்தன. அந்தப் பாட்டுகளின் வரலாறு கிறகரியை நிலைகொள்ளாமல் ஆட்டிவிட்டது. நூறு வருடத்துக்கு முந்தி, ரயிலேறி ஊரூராய் வேலை தேடி அலைந்த அமெரிக்கத் தொழிலாளர்கள் தெருமுனையில் கூட்டம் போடுவார்களாம். பக்கத்தில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையின் வாத்தியக் குழு ஞானப்பாட்டு வாசிக்கும். இவர்கள் அந்த மெட்டையே எடுத்துக்கொண்டு, அதற்குத் தங்கள் சொற்களைப் போட்டுப் பாடினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, ஆகவே பழக்கத் தேவையில்லை.

“என்ன மூளை பாரும்,” என்று நாலைந்து தரம் சொன்னார்.

கிறகரி ஷபனெலில் துணி வெட்டுகிறவர். அந்தத் தொழிற்சாலையில் தைப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் பெண்கள், அவர்களிலும் கூடுதலானவர்கள் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர். அந்த மாரியில் ஒரு ஹெயிற்றிப் பெண்ணின் விரலுக்குள் ஊசி ஏறிவிட்டது. வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகுதான் கிறகரி சேருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் யூனியன் அட்டைகளை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு திரியத் தொடங்கினார். பெண்கள் பயந்தார்கள். கூட்டம் என்றால் வரமாட்டார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தால் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடுவார்கள்.

ஆகவே பாட்டு. எந்த மெட்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் பெண்கள் எல்லோருக்கும் நித்திரையிலும் வருகிற மெட்டு பசாம் மெட்டு.

* தெரியாதவர்களுக்கு: பசாம் என்பது இயேசு ஆண்டவர் பட்ட பாடுகளைப் பற்றிய புலம்பல். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் படிப்போம், பெரிய வெள்ளிக்குப் படிப்போம், செத்தவீட்டிலும் படிப்போம். ஒருவர் முன்னின்று படிக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. முன்னின்று படிக்கிறவளுக்கு அழுகையில் தொண்டை அடைத்துவிட்டால், நிற்கிறவர்கள் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். புலம்பல் நடுவில் அறுந்து போகக்கூடாது.

கோயிலில் நாங்கள் படிப்பது ‘ஐயோ, ஆணி தைத்த கையே’ என்று தொடங்கும். கிறகரி அதில் ஒரு சொல்லை மாற்றி, மிச்சத்தைத் தானே கட்டினார்.

ஐயோ, ஊசி தைத்த கையே, உனக்கொரு சட்டை உண்டோ?
ஐயோ, நாள்முழுதும் நின்ற காலே, உனக்கொரு கதிரை உண்டோ?

மூன்றாவது அடியில் இரண்டு நாள் மாரடித்தார். ‘முதலாளித்துவம்’ என்ற சொல்லை உள்ளே திணிக்கப் பார்த்தார். அது மெட்டுக்குள் நுழைய மறுத்தது.

“அதை விடுங்கோ,” என்றாள் செலீன். அவள் அப்போது டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலையில் இருந்தாள். சீருடையைக் கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னாள்:

பக்கத்து மெசின்காரி எங்கே போனாள், கேட்க ஒரு வாய் உண்டோ?

கிறகரி அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீர் இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீர்?”

“டோர்வலில.”

5

அடுத்து வருகிற காட்சியில் செலீன் இல்லை. கௌரி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். கௌரி கிறகரியோடு வேலை செய்தவள், சைவப்பிள்ளை, எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தாள். அவள் சொல்லும்போது எல்லாம் கொஞ்சம் பெருக்கும், ஆகவே கால்வாசியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு அறை. கிறகரி எழும்பி நின்று பாடினார். அவருக்குக் குரல் இல்லை. முதலடியிலேயே மன்னார்ப் பேசாலைக்காரி அஞ்சலீனா சோற்றுப் பெட்டியை மூடினாள்.

* அஞ்சலீனாவை இந்த இடத்தில் வில்லியாக எழுதத் தொடங்கினேன். கோயிலில் பசாம் முன்னின்று படிக்கிறவள், வயதில் மூத்தவள், வாய் பெரியவள். வசதியான எதிரி. ஆனால் எழுத எழுத அது பொய்யாகிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் முந்தி யூனியன் அட்டையில் கையெழுத்து வைத்தவள் அவள்தான். ஆகவே அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

அஞ்சலீனா சோற்றுப் பெட்டியை மூடினாள். “தம்பி கிறகரி, நிப்பாட்டும். யாழ்ப்பாணத்தாருக்கு இந்த மெட்டு வராது. ஐயோவை இப்பிடி மூக்கால இழுத்தால் மாதா ஓடிப் போயிடுவா.”

“அப்ப நீங்கள் பாடிக் காட்டுங்கோவன் அக்கா.”

“சொல்லைத் தாரும்.”

பாடினாள். பேசாலைக் குரல், கடற்காற்றில் பழகினது. இரண்டாம் தரம் பெண்கள் வாங்கிப் பாடினார்கள். மூன்றாவது அடி வந்தபோது, ஹெயிற்றிப் பெண்ணின் வெறும் மெசினைப் பார்த்து ஒருத்தி அழுதாள். சத்தம் கேட்டு சுப்பவைசர் வந்தாள், போர்த்துக்கல்காரி. பெண்கள் கண்ணீரோடு ஏதோ பாடுவதைக் கண்டு, தபசுகாலம் அல்லவா, செபம் என்று நினைத்து நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

“கிறகரி அண்ணை மேசைக்குக் கீழ இருந்து சிரிச்சவர்,” என்றாள் கௌரி. “எனக்கு உங்கட வேதப்பாட்டு ஒண்டும் தெரியாது. நானும் பாடினன். என்ர கையிலயும் ஊசி ஏறினதுதானே.”

அதற்குப் பிறகு மெசின் சத்தத்துக்குள்ளேயே பாடினார்கள். யாரும் தடுக்கவில்லை. அட்டைகளும் ஒவ்வொன்றாக வந்தன.

(மகிழ்ச்சியான கதை என்றால் இங்கே நிறுத்தலாம்.)

6

பெரிய வெள்ளி வந்தது. கோயில் நிறையச் சனம். தபசுகாலத் துணியால் மூடியிருந்த சிலுவையைத் திறந்தார்கள். அஞ்சலீனா முன்னுக்கு வந்து நின்றாள். கறுப்புச் சேலை. எல்லோரும் முழந்தாளில்.

“ஐயோ—” என்று எடுத்தாள். அந்த நீட்டலுக்கே சனம் அழத் தொடங்கிவிட்டது. அடுத்து,

“ஊசி—”

நின்றுவிட்டாள். கையால் வாயைப் பொத்தினாள்.

தொண்டை அடைத்துவிட்டது என்று பின்வரிசையில் இருந்த தொழிற்சாலைப் பெண்கள் நினைத்தார்கள். வழக்கப்படி எடுத்துக் கொடுத்தார்கள். முழுக் குரலில், சிலுவைக்கு முன்னால், “தைத்த கையே, உனக்கொரு சட்டை உண்டோ” என்று பாடி முடித்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

செலீன் அங்கே இருந்தாள். பக்கத்தில் கிறகரி. அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புத்தான். அதை அஞ்சலீனா கண்டுவிட்டாள்.

கோயிலுக்கு வெளியே, உருகிய பனிச் சேற்றில் நின்று கேட்டாள். “சிரிச்சனீர், என்ன?”

“அக்கா, கடவுளாணை நான் வேணுமெண்டு—”

“என்ர அம்மா படிச்ச பசாம். அவவைப் புதைக்கேக்க நான் படிச்ச பசாம். அதுக்குள்ள நீர் வந்து குந்திக்கொண்டு இருக்கிறீர். வாயைத் திறந்தால் இப்ப உம்மடதுதான் வருது.”

“அமெரிக்காவிலயும் இப்பிடித்தான் அக்கா, ஞானப்பாட்டு மெட்டை எடுத்து—”

“அமெரிக்கன் செத்தால் அமெரிக்கன் பாடட்டும்.” செலீனைப் பார்த்தாள், பிறகு திரும்பவும் கிறகரியை. “கேளும். யூனியனுக்கு என்ர கை இருக்கு, அதை நான் திருப்பி எடுக்க மாட்டன். பசாமுக்கு என்ர வாய் இனி இல்லை. சரியோ?”

அன்றிரவு கிறகரி சாப்பாட்டு மேசையில் இருந்தார். “நான் மெட்டை இரவல்தான் வாங்கினன் எண்டு நினைச்சன்,” என்றார். செலீன் மீன் குழம்பை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கை வைக்கவில்லை.

7

அந்த வருடம் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் சோவே மெட்ரோப் படிகளில் அவர்—

அந்தப் படிகளில் ஏறும்போது—

நெஞ்சு.

(இதற்கு மேல் இந்த வாக்கியம் போகாது. செலீன் என்று பெயர் மாற்றி எழுதினாலும் போகாது.)

மலர்ச்சாலையில் செலீன் சவப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள், பாதரோடு கதைத்தாள். மகள் ஷெரோன் பிரெஞ்சுப் படிவங்களை நிரப்பினாள். ஒன்றுதான் மிச்சம். பசாம்.

அஞ்சலீனா இருக்கிற ஊரில் வேறொருத்தி முன்னின்று படிக்க முடியாது. படித்தாலும், பசாமைப் பகிடி பண்ணினவருக்கு அஞ்சலீனா வாய் திறக்கவில்லை என்றுதான் சனம் கதைக்கும். கிறகரியின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு கதையாகச் சுருங்கிப் போகும். புலம்பல் இல்லாமல் அவரைக் குளிர்ந்த மண்ணுக்குள் விடச் செலீனால் முடியாது. அவள் அஞ்சலீனாவின் வீட்டுக்குப் போனாள்.

அஞ்சலீனா கதவைத் திறந்து அவளைக் கட்டிப் பிடித்தாள். பிறகு செலீன் கேட்டாள்.

“அக்கா, நீங்கள்தான் படிக்கோணும்.”

“கோவத்தில நான் மாட்டன் எண்டேல்லை, பிள்ளை. செத்த மனிசனோட என்ன கோவம்? எனக்குப் பயம்.”

“என்ன பயம்?”

“ஐயோ எண்டு எடுத்தால் அடுத்தது எது வரும் எண்டு எனக்கே தெரியாது. ஆணியோ ஊசியோ. அண்டைக்குப் பிறகு வீட்டில கூட நான் வாய் திறக்கேல்லை. பாதர் நிப்பார். பங்குச் சனம் நிக்கும். அங்கால யூனியன்காரர் நிப்பினம். எது வந்தாலும் ஒரு பக்கம் முகத்தைத் திருப்பும்.”

“எது வந்தாலும் பரவாயில்லை.”

“இப்ப சொல்லுவாய். பேந்து நீயே என்னை ஏன் அக்கா அப்பிடிப் படிச்சனீங்கள் எண்டு கேப்பாய்.”

செலீன் யோசித்தாள். கோயில் சொல் வந்தால் கிறகரியின் பாட்டு அன்றோடு முடிந்தது. அவருடைய சொல் வந்தால் அவர் ஆண்டவருக்கு முன்னால் ஒரு தையல்காரியின் முறைப்பாட்டோடு போய் நிற்பார். எது நல்லதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“கேக்க மாட்டன்,” என்றாள்.

அஞ்சலீனா முகத்தைத் துடைத்தாள். “தேத்தண்ணி குடி. குளிருக்குள்ள வந்திருக்கிறாய்.” வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

8

இனி முடிவுகள்.

இந்தக் கதையை ஷெரோனுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், படிக்க வராது. அவள் சொன்ன முடிவு: எல்லோரும் கிறகரியின் சொற்களைப் பாட வேண்டும், பாதரும் சேர்ந்து பாட வேண்டும், அடுத்த காட்சியில் யூனியன் வெல்ல வேண்டும். “படம் மாதிரி, அம்மா. அப்பாக்கு அது பிடிக்கும்.” உண்மை, அவருக்குப் பிடிக்கும். எல்லோரும் ஒரே திசையில் சாய்ந்து நிற்கிற முடிவு.

கௌரி சொன்ன முடிவு வேறு: கோயில் சொற்களையே பாட வேண்டும், கிறகரியின் ஆன்மா சிரித்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் வடிவாக இருந்தன. இரண்டிலும் செலீன் கூட்டத்துக்குள் காணாமல் போய்விட்டாள்.

நடந்தவற்றில் எழுதக்கூடியதை எழுதுகிறேன். யூனியன் வரவில்லை. அடுத்த வருடம் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது, தையல் வேலை கடல் கடந்து போய்விட்டது. அன்று எது பாடப்பட்டிருந்தாலும் அது நடந்துதான் இருக்கும். கௌரி இப்போது இல்-பிசாரில் ஒரு முதியோர் வீட்டில் வேலை செய்கிறாள். அஞ்சலீனா மூட்டு வருத்தத்தோடு வீட்டில்.

அன்று மலர்ச்சாலைக்கு அஞ்சலீனா வந்தாள். அதையும் எழுதலாம்.

பாதர் செபத்தை முடித்திருந்தார். ஒரு பக்கம் பங்குச் சனம். மறுபக்கம் வேலை உடுப்போடு நேரே வந்த பெண்கள், வெட்டு மேசைத் தோழர்கள், பின்னால் நெஞ்சில் கையை வைத்தபடி போர்த்துக்கல்காரி. செலீன் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். அஞ்சலீனா கதவடியில் மேற்சட்டையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு நேரே நடந்து வந்தாள். கிறகரியின் கையைப் பார்த்தாள். செபமாலை சுற்றிய, துணி வெட்டிக் காய்ப்பு ஏறிய கை.

கண்ணை மூடினாள்.

“ஐயோ—”

இரண்டு பாட்டுக்கும் முதற்சொல் அதுதான். அவள் அதை நீட்டினாள். பேசாலைக்காரர் நீட்டுவதுபோல, மூச்சு முடியும் மட்டும் நீட்டினாள். அதற்குள் செலீன் முதன்முறையாகத் தன் கணவருக்காகச் சத்தம் போட்டு அழுதாள். மூச்சு முடிந்தது. அடுத்த சொல்லுக்காக எல்லோரும் அஞ்சலீனாவின் உதட்டைப் பார்த்தார்கள்.

உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே தொண்டை அடைத்துவிட்டது.

இதோடு நான் நிறுத்துகிறேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். புலம்பல் நடுவில் அறுந்து போகக்கூடாது. அடுத்த சொல் நிற்கிறவர்களுடையது. நீங்களும் இங்கேதான் நிற்கிறீர்கள்.